மாரியில் அறுகம்பே, ஆசியா லாத்தாவுடன்

ஜனவரி மாதத்தில் அறுகம்பேக்குப் போகலாமா, ஹோட்டல் மலிவாகக் கிடைக்குமா என்று அண்மையில் சிலர் இந்தப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். போகலாம். மலிவாகவும் கிடைக்கும். ஏன் மலிவு என்பதை நீங்கள் போய் இறங்கியதும் உங்கள் குடையே சொல்லிவிடும். வாடைக்காற்று குடையை ஒரு தடவைதான் விரிய விடும், இரண்டாம் தடவை கம்பிகள் உங்கள் கையிலும் துணி பக்கத்து வளவிலும் இருக்கும்.

மாரிகாலத்தில் நான் அங்கே தங்கியது ஒரே ஒரு தடவை. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஜனவரி. என்னோடு வந்தவர் என் மூத்த சகோதரி ஆசியா உம்மா, எங்கள் வழக்கில் லாத்தா. அந்தப் பயணத்தைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. கேட்டுவிட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். போக்குவரத்து, தங்குமிட விவரங்களும் இடையிடையே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சாய்ந்தமருது. கல்முனைக்குத் தெற்கே, ஒட்டினாற்போல் இருக்கிறது. எங்கள் கிணற்றடியில் நின்றாலே கடல் இரைவது கேட்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கடல் பார்க்க ஹோட்டலுக்குப் போகிறோம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நான் அப்போது கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலையாக இருந்தேன். உம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடலப் பாக்கிறதுக்குக் காசு குடுத்துப் போற ஆக்கள நான் இப்பதான் காணுறன். அதுவும் மாரியில. உனக்கென்ன மனே, கச்சேரியில வேல செஞ்சி புத்தி மாறிப் போச்சா?"

"லாத்தாட மனசுக்கு ஒரு மாற்றமா இரிக்கும் உம்மா" என்றேன். லாத்தாவின் மனசு என்றதும் உம்மா வாயை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் பேசுவதில்லை.

உண்மையான காரணம் வேறு. லாத்தாவின் கணவர், மீராசா மச்சான், மீன்பிடிகாரர். எழுபத்தெட்டு நவம்பரில் சூறாவளி வந்ததே, அதற்கு முதல் நாள் விடிய அவர் இன்னும் இரண்டு பேரோடு தோணியில் போனார். காற்று ஓய்ந்த பிறகு தோணியின் அணியப் பலகை ஒலுவில் கரையில் கிடந்தது. கூடப்போன இருவரின் ஜனாஸாவும் கிடைத்து அடக்கியாயிற்று. மச்சானுடையது கிடைக்கவில்லை. சூறாவளி எங்கள் ஊரில் கூரை இல்லாத வீடுகளையும் தலையில்லாத தென்னைகளையும் விட்டுப் போனது. எங்கள் வீட்டில் முடிவில்லாத ஒரு கேள்வியை விட்டுப் போனது.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். எங்களில் கணவன் இறந்தால், மௌத்தானால் என்போம், மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வெள்ளை உடுத்து, நகை கழற்றி, வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருக்கும் காலம் அது. முடிந்தபிறகு அவள் விரும்பினால் மறுபடி மணமுடிக்கலாம். ஆனால் ஆள் காணாமல் போனால் உடனே இத்தா இருக்க முடியாது. எங்கள் காதியார், முஸ்லிம் திருமண விஷயங்களுக்கான நீதிபதி, நான்கு வருடம் பொறுக்கச் சொல்லியிருந்தார். அதன்பிறகு மனைவி வந்து கேட்டால் அவர் தீர்ப்புச் சொல்வார், அன்றைக்குத்தான் இத்தா தொடங்கும். நான்கு வருடம் முடிந்திருந்தது. காதியார் நல்ல மனிதர், இரண்டு தரம் வீட்டுக்கே வந்து, "புள்ள ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்" என்று விட்டுப் போனார். அக்கரைப்பற்றில் புடவைக்கடை வைத்திருந்த ஒருவர் பெண் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார். எல்லாம் தயாராக இருந்தது. லாத்தாதான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"நான் வாயத் துறந்து சொன்னாத்தானே தம்பி அவர் மௌத்து. அதுவரைக்கும் இல்லத்தானே" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். முப்பது வயதுப் பெண், பெருநாளைக்குக்கூட நல்ல சேலை உடுக்க மாட்டார், உடுத்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று. அதற்காக வெள்ளையும் கட்ட மாட்டார். பொஞ்சாதியுமில்லை, கைம்பெண்ணுமில்லை. அவர் படும் பாட்டைப் பார்க்க எனக்குச் சில வேளை மச்சான் மீது கோபம்கூட வரும்.

அப்படியிருக்கும்போதுதான் மருதமுனையிலிருந்து சாரன் கொண்டுதிரிந்து விற்கும் ஒருவர் ஒரு கதையைக் கொண்டுவந்தார். அறுகம்பேயில் ஒரு சின்ன ஹோட்டல், அதில் சமைக்கும் ஒரு குசினிக்காரர். சூறாவளிக்குப் பிறகு வந்து சேர்ந்தவராம். எந்த ஊர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதிகம் கதைக்க மாட்டார். முன்னாள் மீன்பிடிகாரர். வலது கைச் சுட்டுவிரலில் நுனி இல்லை.

மீராசா மச்சானுக்கும் வலது கைச் சுட்டுவிரலில் நுனி இல்லை.

நேரே போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க முடியாது. அவர் மச்சான் இல்லையென்றால், புருசனைத் தேடி ஹோட்டல் ஹோட்டலாகத் திரிகிறாள் என்று ஊர் சிரிக்கும். அவர் மச்சான்தான் என்றால் அது இன்னும் பெரிய கேவலம். அரை நாள் பஸ் தூரத்தில் நான்கு வருடம் இருந்துகொண்டு வீட்டுக்கு வராத ஒரு மனிதன்! ஆகவே விருந்தாளிகளாகப் போய்த் தங்கி, சாப்பாடு பரிமாறும்போது முகத்தைப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். திட்டம் என்னுடையது. அந்த வயதில் எனக்கு என் மூளைமீது நல்ல நம்பிக்கை இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கல்முனையில் பஸ் ஏறினோம். அக்கரைப்பற்று பதினைந்து மைலளவு, அங்கே மாறவேண்டும். நிந்தவூர் வரைக்கும் நல்ல வெயில். இரண்டு பக்கமும் பெரும்போக வயல் பச்சைப்பசேலென்று, கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நின்றது. அட்டாளைச்சேனையில் திடீரென்று மழை ஊற்ற, யன்னல் பலகைகளை எல்லோரும் அவசர அவசரமாக அடித்துச் சாத்தினோம். அக்கரைப்பற்றில் இறங்கினால் மறுபடி வெயில். இந்தக் கரையில் மாரி அப்படித்தான், சட்டை காய்வதற்குள் மறுபடி நனையும். ஒன்றுக்கு இரண்டு சட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் இருபத்தெட்டு மைல். திருக்கோவில் கோவிலடியில் பாதிச் சனம் இறங்கியது, எங்களுக்கு ஆசனம் கிடைத்தது. அதற்குப் பிறகு காடும் காயல்போன்ற களப்பும் கடலும் மாறி மாறி வரும், இடப்பக்கம் உட்கார்ந்தால் நல்ல காட்சி. லாத்தா இடப்பக்கம்தான் உட்கார்ந்தார். ஆனால் அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த பையை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தார். துவாய் எடுக்கத் திறந்தபோதுதான் கண்டேன், உள்ளே ஒரு புதுச் சாரனும் மச்சானின் வெள்ளைச் சேட்டும் மடித்து வைத்திருந்தது.

"இதென்னத்துக்கு லாத்தா?"

"அவர் உடுத்த உடுப்போட வாறதா? நாலு வருசமா என்னத்த உடுத்தாரோ."

"அவர்தான் எண்டு இன்னும் தெரியாதே."

"ஓம், தெரியா. தெரிஞ்சா ஒண்டும் ஏச மாட்டன் தம்பி. ஏன் வரல்லெண்டு மட்டும் கேப்பன். அதுக்கு ஒரு பதில் சொன்னாக் காணும்."

நான் பையை மூடி மறுபடி அவர் மடியில் வைத்தேன்.

பொத்துவிலில் இருந்து அறுகம்பே இரண்டு மைலுக்குச் சற்றுக் கூட. அன்றைக்கு அந்தத் தூரத்துக்கு பஸ் இல்லை, வாடகைக் கார் பிடித்தோம். இருபது ரூபா. பழைய மொறிஸ் மைனர், கூரை ஒழுகும். றைவர் ஒரு நடுத்தர வயதுக்காரர், கண்ணாடியில் எங்களைப் பார்த்துப் பார்த்து வந்தார்.

"எங்க இருந்து தம்பி வாற?"

"சாய்ந்தமருது."

"அங்க கடல் இல்லியா?"

"இரிக்கி."

"பொறகென்னத்துக்கு இஞ்ச?" என்று சிரித்தார். "வெள்ளக்காரன் எல்லாம் வெயிலுக்குத்தான் வாற. மாரியில இஞ்ச நிக்கிறது காகமும் நாங்களுந்தான்."

பாலத்தில் கார் ஏறியபோது களப்பு முழுக்கக் கலங்கிய தண்ணீர், அப்பால் கடல் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. லாத்தா முதல் தரமாகத் தலையை நிமிர்த்திக் கடலைப் பார்த்தார். பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டார்.

ஹோட்டல் என்று சொன்னேன். ஆறு அறை, கிடுகுக் கூரை, முன்னால் ஒரு விறாந்தை, விறாந்தைக்கு முன்னால் மணல், மணலுக்கு முன்னால் கடல். இரட்டைக் கட்டில் அறைக்கு நாளுக்கு அறுபது ரூபா, காலைச் சாப்பாட்டோடு. பருவகாலத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு. மெத்தை ஈரமணம், தலையணை அதைவிட. நுளம்பு வலையில் ஓட்டை. அறைக்கதவு காற்றுக்குத் தானாகத் திறந்து தானாகச் சாத்தும். விருந்தாளிகள் நாங்கள் இருவர் மட்டுமே. மாரியில் போகிறவர்கள் ஒரு போர்வையும் நுளம்புத்திரியும் கொண்டுபோங்கள்.

நடத்தியவர் இஸ்மாலெவ்வை காக்கா (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்), பொத்துவில்காரர், கொழுத்த மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். தேத்தண்ணி கொண்டுவந்ததும் அவர்தான்.

"குசினிக்காரர் இல்லியா காக்கா?" என்று கேட்டேன், சும்மா கேட்பதுபோல.

"சலீமா? லீவுல போயிரிக்கார். ஏதோ அலுவலாம். இண்டைக்கி வாற எண்டுதான் சொன்ன, ரோட்டெல்லாம் வெள்ளந்தானே, சுணங்கும். நாளைக்கி வந்திருவார்."

"எந்த ஊருக்கு?"

"அவர் எங்க கதைக்கிற? கேட்டாச் சிரிப்பார். நல்ல மனிசன்."

சலீம் என்ற பேரைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் ஏமாற்றம். அறைக்குள் போனதும் லாத்தா சொன்னார்: "பேர மாத்தியிரிக்கலாம்."

அன்று முழுக்க மழை. இஸ்மாலெவ்வை காக்கா சமைத்த சோற்றைப் பற்றி எழுதினால் அவருடைய பேரப்பிள்ளைகள் என்மேல் வழக்குப் போடுவார்கள். ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பு இல்லை, சோற்றில் அது கூடியிருந்தது.

அடுத்த நாள் காலை எழும்பினால் உலகமே வேறு. வானத்தில் ஒரு முகில் இல்லை. கடல் நீலமாக, காற்று மெல்ல, மணல் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. ஜனவரியில் அறுகம்பே இப்படி ஒரு முகத்தையும் வைத்திருக்கிறது, அதைக் காண்பதற்காகவே போகலாம். எனக்கும் அந்த வெயிலில் ஒரு நம்பிக்கை வந்தது. லாத்தாவைக் கடற்கரைக்குக் கூப்பிடலாம் என்று தேடினால் அவர் அறையில் இல்லை. குசினிக்குள் நின்றார்.

அடுப்புக்கு மேலே கம்பியில் கருவாடு தொங்கியது. அதில் ஒன்றை எடுத்து முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இஞ்ச பாரு. வயித்தால கீறல்ல, முதுகால கீறியிரிக்கி. வால் மட்டும் பிரிக்காம விட்டிரிக்கி. எங்கட ஊர்ல ஆரும் இப்பிடிக் கீற மாட்டாங்க, அவர் மட்டுந்தான். உம்மா ஏசுவா, இவர் கேக்க மாட்டார்." கருவாட்டின் வாலைத் தடவினார். "இது அவர்ர கை, தம்பி."

எனக்கு மீன் கீறத் தெரியாது, தின்னத்தான் தெரியும். ஆனால் அந்தக் கணத்தில் நானும் நம்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். விரல் ஒன்று, சூறாவளி ஒன்று, இப்போது கருவாடு. கூடவே ஒரு கொதிப்பும் வந்தது. வரட்டும் அந்த மனிதன், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கிறேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்கத் தொடங்கினேன்.

அதற்குப் பிறகு லாத்தாவைக் குசினியை விட்டு வெளியே கொண்டுவர முடியவில்லை. சட்டி பானையை எல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்தார். தேங்காய் துருவினார். இஸ்மாலெவ்வை காக்காவிடம் மீன் வாங்கித் தரச்சொல்லி, பால் ஆணம் காய்ச்சினார். ஹோட்டலுக்கு வாடகை கொடுத்துத் தங்கி, அதே ஹோட்டலுக்குச் சமைத்தும் போட்ட ஒரே ஆள் என் லாத்தாவாகத்தான் இருக்கும். இஸ்மாலெவ்வை காக்கா இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றுவிட்டு, "தங்கச்சி, சலீம நிப்பாட்டிட்டு உங்களத்தான் எடுக்கோணும்" என்றார். லாத்தா சிரித்தார். நான்கு வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அழுகை வந்தது, மிளகாய்ப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

காலை வெயில் காலையோடு போயிற்று. மத்தியானம் ஜும்ஆத் தொழுகை முடியும்போது வடகிழக்கில் கறுத்தது. பிறகு ஒரு பாட்டம் மழை, ஒரு வெளிச்சம், மறுபடி மழை. குசினிக்காரர் வரவில்லை. லாத்தா ஒரு கோப்பையில் சோறும் ஆணமும் போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் படுத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் அவர் வந்தார்.

நாங்கள் விறாந்தையில் இருந்தோம். தூறல். பாலத்துப் பக்கமிருந்து கடற்கரை வழியாக ஓர் ஆள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். உயரம் சரி. தோள் சரி. ஈர மணலில் காலை அகட்டி வைத்து நடக்கும் அந்தத் தோணிக்காரர் நடையும் சரி. லாத்தா எழுந்து நின்றார். என் தோளைப் பிடித்தார், நகம் பதிந்தது. பை முகத்தை மறைத்திருந்தது. அந்த மனிதர் விறாந்தைப் படியில் ஏறி, பையை இறக்கி, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மச்சான் இல்லை. மச்சானைவிட ஒரு பத்து வயது கூட. கன்னத்தில் அம்மைத் தழும்பு. வேறு ஆள், முற்றிலும் வேறு ஆள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். விருந்தாளிகள விட்டிட்டுப் போயிட்டன், மன்னிச்சிருங்க. மகள்ட கலியாணம், மூதூர்ல. ரோடு முழுக்கத் தண்ணி" என்றார். பைக்குள் கைவிட்டுத் தேடி, வாழையிலையில் சுற்றிய தொதல் இனிப்பை எடுத்து லாத்தாவிடம் நீட்டினார். "கலியாண வீட்டுத் தொதல். தின்னுங்க தங்கச்சி."

நீட்டிய கையில் சுட்டுவிரலுக்கு நுனி இல்லை.

லாத்தா அந்தக் கையைத்தான் பார்த்தார். தொதலை வாங்கவில்லை. இதோ விழப்போகிறார் என்று நினைத்தேன். விழவில்லை. கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"காக்கா" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தெரிந்துவிட்டது, எல்லாம் முடிந்தது. "விரலுக்கு என்ன நடந்த?"

"தூண்டில் நூல் அறுத்திட்டு. தளப்பத்து மீன் ஒண்டு இழுத்த இழுவை. தோணி இரிந்த காலத்தில. சூறாவளி தோணியையும் கொண்டு போயிட்டு."

"என்ட வீட்டுக்காரருக்கும் அப்பிடித்தான். அதே விரல்."

"மீன்பிடியா? என்ன செய்யிறார் இப்ப?"

நான் குறுக்கே ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். லாத்தா முந்திக்கொண்டார்.

"கடலுக்குப் போயிரிக்கார்."

சலீம் காக்கா கடலைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கடலில் அன்றைக்கு யாரும் தோணி தள்ள முடியாது, அது அவருக்குத் தெரியாதா? "அல்லாஹ் காவல்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். போனவரிடம் நான் பின்னால் போய்க் கருவாட்டைப் பற்றி விசாரித்தேன். "மூதூர்ல கன பேர் முதுகாலதான் கீறுற" என்றார். அவ்வளவுதான் அந்த விஷயம்.

அன்று மாலை அவர் சமைத்த சாப்பாடு நன்றாக இருந்தது என்று எழுதவேண்டும், பயணக் கட்டுரை என்றால் அதையும் சொல்லவேண்டுமல்லவா. நான் தின்றேன். லாத்தா தொதலில் ஒரு துண்டு மட்டும் தின்றார். பிறகு அறைக்குப் போய் அந்தப் புதுச் சாரனையும் வெள்ளைச் சேட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"மகள்ட கலியாணத்துக்கு எங்கட பங்கு காக்கா. மருமகனுக்குப் பெரிசா இரிந்தா நீங்க உடுங்க."

சலீம் காக்கா வாங்கத் தயங்கினார். லாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். நான் விறாந்தையின் மற்ற மூலைக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு தூரம் போயும் நான் கடலை நின்று பார்த்தது அந்த ஒரு நேரம்தான்.

ஞாயிறு காலை ஏழரை மணி பஸ்ஸில் பொத்துவிலை விட்டு வெளிக்கிட்டோம். இரவு முழுக்கப் பெய்த மழை விட்டு, நல்ல வெயில். லாத்தா முதல் நாள் கொண்டுவந்தும் உடுக்காமல் வைத்திருந்த பச்சைச் சேலையை உடுத்தியிருந்தார். நான்கு வருடத்தில் அவர் உடுத்த முதல் நல்ல சேலை.

எட்டு மைல்கூடப் போயிருக்காது, கோமாரியில் பஸ் நின்றது. தாம்போதிக்கு மேலால் வெள்ளம். தாம்போதி என்றால் ஆறு குறுக்கிடும் இடத்தில் தரையோடு தரையாகப் போட்ட பாதை, மாரியில் தண்ணீர் அதற்கு மேலால்தான் பாயும். அன்றைக்கு இடுப்பளவு பாய்ந்தது. றைவர் இறங்கிப் பார்த்து, ஒரு தடியை நட்டு அளந்து, கையை விரித்தார். வடியும்வரை அசைய முடியாது.

பஸ்ஸில் ஒரே புறுபுறுப்பு. ஒருவர் கல்முனையில் வழக்குப் பேசப் போகவேண்டுமாம், நாளை விடிய, இன்றைக்கே போய்ச் சேராவிட்டால் எல்லாம் போச்சாம். ஒரு பெண் கோழிகளோடு வந்திருந்தார், கோழிகளும் புறுபுறுத்தன. நானும் சும்மா இருக்கவில்லை, அடுத்த நாள் கச்சேரிக்குப் போகவேண்டும், பாதைகளைப் பற்றியும் அரசாங்கத்தைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததை எல்லாம் உரக்கச் சொன்னேன்.

லாத்தா மட்டும் யன்னலோரம் சாய்ந்து வசதியாக உட்கார்ந்திருந்தார். கொண்டக்டர் பெண்களிடம் வந்து கேட்டார்: "அவசரமாப் போகோணுமா லாத்தா? அங்கால டிரக்டர் ஒண்டு வருமாம், கேட்டுப் பாக்கட்டா?"

"வேணாம் மகன். ஆறுதலாப் போவம்."

கொண்டக்டர் போனபிறகு நான் மெதுவாகக் கேட்டேன். "வீட்ட போனதும் காதியாருக்கு ஆளனுப்பட்டா லாத்தா?"

"ஓம். அனுப்பு." வெள்ளத்தைப் பார்த்தபடியே சொன்னார். "வீட்ட போனதும் நானே சொல்றன். அதுவரைக்கும் அவர் ஹயாத்தோட, உசிரோட இரிக்கட்டும். இந்த பஸ்ஸுக்குள்ள நான் இன்னும் அவர்ர பொஞ்சாதிதானே?"

அரசாங்கத்தை ஏசுவதை நான் அத்தோடு விட்டேன்.

அதன்பிறகு லாத்தா கதைக்கத் தொடங்கினார். நான்கு வருடம் பூட்டி வைத்திருந்த வாய். மச்சான் தேத்தண்ணிக்குச் சீனி அள்ளிப் போடுகிறார், சொன்னால் கேட்பதில்லை. கடலிலிருந்து வந்தால் காலைக் கழுவாமல் உள்ளே வருகிறார், வீடெல்லாம் மணல். குறட்டை விடுகிறார், எழுப்பினால் நான் எங்கே விட்டேன் என்கிறார். பாகற்காயைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார். ஒரு பெண் அடுத்த வீட்டுக்காரியிடம் தன் புருசனைப் பற்றி முறையிடுவது எப்படியோ, அப்படி. கோழிக்காரப் பெண் முன் ஆசனத்திலிருந்து திரும்பி, "எங்கட வீட்டுலயும் இதே கதைதான் தங்கச்சி, ஆம்பிளயள் எல்லாரும் ஒண்டுதான்" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் குனிந்து சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணைத் துடைக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

மத்தியானம் கழிந்தது. வெயில் ஏறி, முகில் வந்து, ஒரு தூறல் விழுந்து, மறுபடி வெளித்தது. தூறல் விழும்போதெல்லாம் சனம் ஏசியது. லாத்தா யன்னலுக்கு வெளியே கையை நீட்டி அந்தத் தூறலை ஏந்தினார்.

பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில், தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. றைவர் பஸ்ஸை முடுக்கினார், கொண்டக்டர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். வெளியே இறங்கி நின்ற சனம் முண்டியடித்து ஏறியது. லாத்தாவும் கால் ஆற இறங்கியிருந்தார். எல்லாரும் ஏறும்வரை அவர் வெள்ளத்தின் கரையிலேயே நின்றார். "லாத்தா, வாங்க!" என்று கொண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். ஏறியபின் யன்னலைச் சாத்திக்கொண்டார்.

பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு வீடு சேர்ந்தோம். உம்மா விளக்கோடு வாசலுக்கு வந்து, "கடலப் பாத்தீங்களா?" என்று கிண்டலாகக் கேட்டார். லாத்தா "ஓம்மா, பாத்த" என்று சொல்லிவிட்டு, "காதியாருக்கு ஆளனுப்புங்க" என்றார். உம்மா விளக்கைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் நான்கு வருடம் அழாத அழுகையை அன்றைக்கு அழுதோம். மறுநாள் காதியார் வந்து தீர்ப்புச் சொன்னார், லாத்தா வெள்ளை உடுத்தினார்.

லாத்தா பிறகு அக்கரைப்பற்றுக் கடைக்காரரையே மணமுடித்தார். நல்ல மனிதர். பிள்ளைகள் இருவர். மீராசா மச்சானைப் பற்றி லாத்தா அன்றைக்கு பஸ்ஸில் கதைத்ததுபோல் கதைத்ததை அதன்பிறகு ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இனி உங்களுக்கான குறிப்புகள். நாங்கள் தங்கிய ஹோட்டல் இப்போது இல்லை, வேறு எத்தனையோ வந்துவிட்டன. மாரியில் பேரம் பேசலாம், தருவார்கள். கூடுதல் உடுப்பு, போர்வை, நுளம்புத்திரி அவசியம். குடை வீண்சுமை. வெயில் வரும் காலையை விட்டுவிடாதீர்கள், அது மத்தியானத்துக்குள் போய்விடும். திரும்பி வரும் நாளில் வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதையில் வெள்ளம் குறுக்கிட்டால் மணிக்கணக்கில் நிற்கவேண்டி வரலாம்.

அப்படி நின்றால் தயவுசெய்து ஏசாதீர்கள். அது வடியக்கூடாது என்று உள்ளுக்குள் துஆ கேட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் யாராவது உட்கார்ந்திருக்கலாம்.